புழு குளவியான கதை

குளவி ஒரு புழுவைத் தூக்கி வந்து மண்கூட்டில் அடைக்கும். அதைக் கொட்டிக்கொண்டும், சுற்றிச் சுற்றி ரீங்கரித்துக்கொண்டும் இருக்கும். கொட்டுப்பட்ட புழு குளவியையே நினைத்துக் கிடந்து, ஒருநாள் தானும் குளவியாகிக் கூட்டை உடைத்துக்கொண்டு பறந்துபோகும். இந்தக் கதையைப் பாட்டியிடமோ கோயில் சொற்பொழிவிலோ கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மிடையே குறைவு. குருவையே நினைத்திருக்கும் சீடன் குருவாகவே ஆகிவிடுகிறான் என்று சொல்ல வந்த ஆன்மிகப் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தக் குளவியைத்தான் சாட்சிக்கு அழைத்தார்கள். வடநாட்டிலும் இதே கதை உண்டு. சீனாவிலும் உண்டு. அங்கே குளவி புழுவைப் பார்த்து, ‘என்னைப்போல் ஆகு’ என்று ஓயாமல் ஓதுமாம். தத்துப்பிள்ளையை அந்தப் புழுவின் பெயரால் குறிப்பிடும் வழக்கமே சீன மொழியில் ஏற்பட்டுவிட்டது.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. கூட்டுக்குள் போனது புழு. சில வாரங்கள் கழித்து அதே கூட்டிலிருந்து வெளியே வந்தது குளவி. இடையில் குளவி அங்கே ரீங்கரித்தது. இந்த மூன்றையும் யாரோ பொறுமையாக உட்கார்ந்து கண்ணால் கண்டிருக்கிறார்கள், மூன்றும் சரியானவை. அவர்கள் காணாதது மண்சுவருக்கு உள்ளே நடந்ததை மட்டும்தான். காணாத அந்த இடத்தைக் கற்பனையால் நிரப்பினார்கள்.

கூட்டுக்குள் எட்டிப் பார்த்தவர்களும் இருந்தார்கள். கி.பி. 456 முதல் 536 வரை வாழ்ந்த தாவ் ஹோங்ஜிங் என்ற சீன மருத்துவ அறிஞர், பழைய மூலிகை நூலொன்றுக்கு உரை எழுதும்போது இந்தக் குளவியைப் பற்றிய குறிப்பையும் சேர்த்தார். இடுப்பு மெலிந்த இந்தப் பூச்சி மண் சுமந்து வந்து கூடு கட்டுகிறது; தினையளவு முட்டை ஒன்றை அதில் வைக்கிறது; புல்லில் திரியும் சிலந்திகளைப் பத்துக்கு மேல் பிடித்து வந்து கூட்டை நிரப்பி வாயை அடைக்கிறது; அவை பொரிந்து வரும் குஞ்சுக்கான உணவு என்று எழுதினார். இன்றைய பூச்சியியல் பாடநூல் சொல்வதும் இதைத்தான். 1,500 ஆண்டுகளுக்கு முன் அவரிடம் உருப்பெருக்கிக் கண்ணாடியோ, ஆய்வுக்கூடமோ இல்லை. கூடு கிடைத்தது, கேள்வி இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கூடு இப்போதும் நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. மாடிப்படிக்கு அடியில், மின்மீட்டர் பெட்டிக்குப் பின்னால், பரணில் கிடக்கும் பழைய சாமான்களில், சுவரில் மாட்டிய படத்தின் முதுகில் எங்காவது ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வனவிலங்கு பார்க்க முதுமலைக்கும் டாப்சிலிப்புக்கும் போகிறோம். போகத்தான் வேண்டும். ஆனால் அங்கே யானையைப் பார்ப்பது சில நிமிடங்கள். அது நேற்று என்ன செய்தது, நாளை என்ன செய்யும் என்று நமக்குத் தெரியப்போவதில்லை. ஓர் உயிரின் வாழ்க்கையை முட்டையிலிருந்து சாவுவரை தொடர்ந்து பார்க்க வேண்டுமென்றால், தினமும் கண்ணில் படும் இடத்தில் அது வாழ வேண்டும். வீட்டுக்குளவி அப்படி வாழ்கிறது.

வீட்டைச் சுற்றி அப்படி என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது. லெஸ்டர் நகரின் புறநகர்ப் பகுதியில் வசித்த ஜெனிஃபர் ஓவன் என்ற விலங்கியலாளர், 1972இல் தொடங்கி 30 ஆண்டுகள் தம் வீட்டுத் தோட்டத்து உயிர்களைக் கணக்கெடுத்தார். பூச்செடி, காய்கறி, புல்தரை எல்லாம் கொண்ட சாதாரணத் தோட்டம் அது. அவர் பட்டியலிட்டவை மொத்தம் 2,673 இனங்கள். அவற்றில் ஏறத்தாழ 2,000 பூச்சியினங்கள். அறிவியலுக்கே புதியவையான ஒட்டுண்ணிக் குளவிகளும் அதில் இருந்தன. குளிர்நாட்டுத் தோட்டம் ஒன்றில் இவ்வளவு என்றால், வெப்ப நாட்டில் வாழும் நம் வீட்டைச் சுற்றி எவ்வளவு இருக்கும் என்று யாராவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

மண்கூட்டுக்கு வருவோம். நம் வீடுகளில் அதிகம் காணப்படும் மண்கூட்டுக் குளவிகளில் ஒன்றுக்கு அறிவியல் பெயர் ஸ்கெலிஃப்ரான் மெட்ராஸ்படானம். மெட்ராஸ்பட்டணத்தின் பெயரைத் தாங்கிய குளவி. லின்னேயஸின் மாணவரான டென்மார்க் நாட்டு ஃபாப்ரீஷியஸ் 18ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர் இது. கறுப்பு உடல், கால்களில் மஞ்சள், இழையாக மெலிந்த நீண்ட இடுப்பு. குழாயடி, மாடு கழுவும் இடம், தொட்டிச்செடியின் ஈரமண் என எங்கே சேறு இருக்கிறதோ அங்கே இறங்கி, தாடையால் சேற்றை உருட்டி எடுத்துக்கொண்டு பறக்கும். ஓர் அறை கட்ட இருபது, முப்பது நடைகூட ஆகும்.

மண்ணைச் சுவரில் வைத்து இழுக்கும்போது கிளம்பும் கீச்சென்ற ரீங்காரத்தைக் கவனித்துக் கேளுங்கள். பறக்கும்போது எழும் ஒலி வேறு, இது வேறு. இறக்கைத் தசைகளை அதிரவைத்து, அந்த அதிர்வைத் தாடை வழியாக ஈரமண்ணுக்குள் செலுத்துகிறது குளவி. அதிரும் சேறு இளகிப் பரவும், இடைவெளியில்லாமல் படியும். கட்டடத் தொழிலாளர்கள் கான்கிரீட் போடும்போது வைப்ரேட்டர் விடுவதும் இதே காரணத்துக்காகத்தான். புழுவுக்கு ஓதும் மந்திரம் என்று நம் முன்னோர் கேட்டது இந்தப் பூச்சுவேலையின் ஒலியை.

அறை முடிந்ததும் குளவி வேட்டைக்குப் புறப்படும். பூச்செடிகளிலும் வேலியிலும் சுவர் மூலைகளிலும் திரியும் சின்னச் சின்னச் சிலந்திகள்தான் குறி. ஒவ்வொன்றாகக் கொட்டித் தூக்கி வந்து அறையில் திணிக்கும். ஒன்றின்மேல் ஒரு முட்டை இடும். அறை நிரம்பியதும் மண்ணால் வாயடைத்துவிட்டு, பக்கத்திலேயே அடுத்த அறையைத் தொடங்கும். நாலைந்து அறைகள் சேர்ந்தபின் மொத்தத்துக்கும் மேலே ஒரு பூச்சு. அதோடு தாயின் வேலை முடிந்தது. தன் பிள்ளையை அது பார்ப்பதே இல்லை.

இங்கேதான் ஒரு பெரிய புதிர் எழுகிறது. நம் வெயிலில் செத்த சிலந்தி இரண்டு நாளில் அழுகிவிடும், அல்லது காய்ந்து சருகாகிவிடும். கூட்டுக்குள் இருக்கும் சிலந்திகள் வாரக்கணக்கில் கெடாமல் இருப்பது எப்படி?

இதே கேள்விக்குப் பிரான்சில் லியோன் துஃபூர் என்ற பூச்சியியலாளர், குளவியின் நஞ்சில் பிணத்தைக் கெடாமல் காக்கும் மருந்து இருக்கிறது என்று விடை சொல்லியிருந்தார். அவருடைய கட்டுரையைப் படித்த பள்ளி ஆசிரியர் ஒருவர், தாமே நேரில் பார்க்கப் புறப்பட்டார். அவர்தான் ஜான் ஹென்றி ஃபாப்ர். 1823இல் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தவர். கூன்வண்டுகளை வேட்டையாடும் ஒரு குளவியின் வளைகளைத் தோண்டி, உள்ளே இருந்த வண்டுகளை எடுத்துப் பார்த்தார். மூட்டுகள் வளைந்து கொடுத்தன, குடலிலிருந்து கழிவு வந்தது. மின்சாரம் பாய்ச்சியபோது கால்கள் அசைந்தன. வண்டுகள் சாகவில்லை, முடங்கியிருந்தன. 1855இல் அவர் இதை வெளியிட்டார். கால்களை இயக்கும் நரம்பு முடிச்சுகள் எங்கே இருக்கின்றனவோ அந்த இடத்தில் குளவி கொட்டுகிறது. வேட்டைப் பூச்சி உயிரோடுதான் இருக்கும், அசைய மட்டும் முடியாது. உயிர் இருக்கும்வரை இறைச்சி அழுகாது.

1879இல் ஃபாப்ர் செரிஞான் என்ற சிற்றூரில் ஒரு வீடும், அதைச் சுற்றிச் சுமார் இரண்டரை ஏக்கர் கல்லாங்காடும் வாங்கினார். விவசாயத்துக்கு உதவாத நிலம். முட்செடியும் குளவியும் தேனீயும் நிறைந்திருந்ததாலேயே அவருக்கு அது சொர்க்கம். 1915இல் இறக்கும்வரை அங்கேயே இருந்து, பூச்சிகளைப் பற்றிப் பத்துத் தொகுதிகள் எழுதி முடித்தார். உலகத்தைச் சுற்றிவந்து இயற்கையை எழுதியவர்கள் பலர். வீட்டு வேலிக்குள் இருந்துகொண்டு உலகத்தையே பார்க்கவைத்தவர் அவர்.

அடுப்படிச் சுவர்களில் கட்டும் மண்கூட்டுக் குளவியையும் ஃபாப்ர் விடவில்லை. குளவி வெளியே போயிருந்த நேரத்தில் கூட்டைச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்துவிட்டார். மண்ணுருண்டையோடு திரும்பிய குளவி, கூடு இருந்த வெற்றிடத்தில் மண்ணைப் பூசியது. மறுபடி போய் மண் கொண்டுவந்து மறுபடி பூசியது. கூடு இல்லை என்பது அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை. இன்னொரு முறை, முட்டையோடு கூடிய சிலந்தியை அறையிலிருந்து எடுத்துவிட்டார். பிறகு வந்த சிலந்திகளையும் வரவர எடுத்துக்கொண்டே இருந்தார். குளவி சலிக்காமல் கொண்டுவந்து, கடைசியில் காலி அறைக்கு முறைப்படி வாயடைத்தது. இவ்வளவு நுட்பமாக வேலை செய்யும் உயிர், அந்த வேலையின் நோக்கத்தை அறிந்து செய்யவில்லை. ஒரு படி முடிந்தால் அடுத்த படி என்று அதன் உள்ளே ஒரு வரிசை எழுதப்பட்டிருக்கிறது. இயல்பூக்கம் என்று அறிவியல் சொல்வது இதைத்தான். இந்த ஒரு சோதனையைப் போல் அதைத் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் படித்ததில்லை.

ஃபாப்ர் சொன்னதெல்லாம் அப்படியே நிலைத்துவிடவில்லை. குளவி ஒருபோதும் குறி தவறாத அறுவை மருத்துவர் என்று அவர் நம்பினார். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜார்ஜ் பெக்கம், எலிசபெத் பெக்கம் என்ற தம்பதியர் குளவிகளைப் பின்தொடர்ந்து பார்த்து, 1898இல் ஒரு நூல் எழுதினார்கள். கொட்டும் இடமும் எண்ணிக்கையும் குளவிக்குக் குளவி மாறுகின்றன, சில வேட்டைப் பூச்சிகள் சீக்கிரமே செத்துவிடுகின்றன, செத்ததையும் தின்று குளவிப்புழு நன்றாகவே வளர்கிறது என்று காட்டினார்கள். ஒரே இனத்தில் ஒவ்வொரு குளவிக்கும் ஒரு தனிப்போக்கு இருக்கிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. பெரிய மேதை எழுதியதையும் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மனைவியோடு வெயிலில் நின்று சரிபார்த்துத் திருத்த முடிந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்ததே இதுதான்.

மண்கூடு கட்டுபவை எல்லாம் ஒரே குளவி அல்ல. செடித்தண்டிலோ சன்னல் கம்பியிலோ, கழுத்தும் விளிம்பும் வைத்த சிறு சொம்பு அளவெடுத்துச் செய்ததுபோல் ஒரு மண்பானை ஒட்டியிருந்தால், அது குயவக் குளவியின் வேலை. அது பிடிப்பது சிலந்தியை அல்ல, இலை தின்னும் பச்சைப்புழுக்களை. புழு குளவியாகிறது என்ற கதைக்கு இதுவே மூலமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இந்தக் குளவி முதலில் முட்டையிடுகிறது, அதற்குப் பிறகுதான் புழுக்களைக் கொண்டுவருகிறது. முட்டையை அது தரையில் வைப்பதில்லை, அறையின் கூரையிலிருந்து மெல்லிய இழையில் தொங்கவிடுகிறது. உள்ளே கிடக்கும் புழுக்கள் முழுதாக முடங்கியிருக்காது, நெளியும். தரையில் இருந்தால் முட்டை நசுங்கிவிடும். பொரிந்த குஞ்சும் இழையில் தொங்கியபடியே தலையை நீட்டிச் சாப்பிடும், ஆபத்து என்றால் மேலே ஏறிக்கொள்ளும். இதைக் கண்டு சொன்னவரும் ஃபாப்ர்தான். இரண்டு குளவிகள் ஒரே சிக்கலுக்குக் கண்ட இரண்டு வழிகளை வீட்டு வாசலிலேயே ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

மூன்றாவது ஒரு வழியும் உண்டு. குளியலறைச் சாக்கடை ஓரத்தில் நீலமும் பச்சையும் மின்னும் உடலோடு, சிவந்த தொடைகளோடு ஒரு குளவி நடமாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு அதை மிஞ்சிய பூச்சி நம் வீட்டில் இல்லை. ஆம்புலெக்ஸ் கம்ப்ரெஸ்ஸா என்பது அதன் பெயர், கரப்பான்பூச்சி அதன் இரை. தன்னைவிடப் பெரிய கரப்பானைத் தூக்கிப் பறக்க அதனால் முடியாது. முடக்கிப்போட்டாலும் இழுக்க முடியாது. ஆகவே இரண்டு முறை கொட்டுகிறது. முதல் கொட்டு மார்பில். முன்கால்கள் சில நிமிடங்கள் செயலிழக்கும். அந்த இடைவெளியில் கழுத்து வழியாக இரண்டாம் கொட்டு நேராக மூளைக்கு. இதற்குப் பின் கரப்பானால் நடக்க முடியும், ஆனால் தானாக நடக்கத் தொடங்க முடியாது. ஓடும் விருப்பமே போய்விடும். குளவி அதன் உணர்கொம்பைப் பாதியாக நறுக்கிவிட்டு, மிச்சத்தைப் பிடித்து இழுக்க, கரப்பான் பின்னாலேயே நடந்து தன் குழிக்குத் தானே போகும். அங்கே அதன் காலின்மேல் ஒரு முட்டை. துளையைக் கல்லும் குப்பையும் கொண்டு மூடிவிட்டுக் குளவி போய்விடும்.

இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் லிபர்சாட்டும் அவருடைய குழுவினரும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். குளவியின் நஞ்சைக் கதிரியக்கத்தால் அடையாளப்படுத்தி, அது கரப்பானின் மூளைக்குள்தான் போகிறது என்று 2003இல் நிறுவினார்கள். பிறகு மூளையை அகற்றிய கரப்பான்களைக் குளவியிடம் கொடுத்துப் பார்த்தபோது, அது கொடுக்கை உள்ளே விட்டு வழக்கத்தைவிட வெகுநேரம் துழாவியது. கொடுக்கின் நுனியால் தொட்டே மூளையை அது அறிகிறது. நம்மில் பலர் செருப்பால் அடிக்கும் பூச்சி இது. கரப்பானுக்கு அடிக்கும் மருந்தில் இதுவும் செத்துவிடக்கூடும்.

மண்கூட்டிலிருந்து எப்போதும் குளவியேதான் வெளிவரும் என்று நினைக்க வேண்டாம். கூடு கட்டும் குளவியை ஓரத்தில் உட்கார்ந்து நோட்டம் விடும் சில உயிர்கள் உண்டு. பச்சை நீல உலோக மினுக்கத்தோடு, உடம்பெல்லாம் சின்னச் சின்னக் குழிகளோடு இருக்கும் குயில்குளவி அவற்றில் ஒன்று. அடுத்தவர் கூட்டில் முட்டையிட்டு, அங்குள்ள புழுவையோ சேமிப்பையோ தன் பிள்ளைக்கு உணவாக்குவது அதன் பிழைப்பு. வீட்டுக்காரி பிடித்துவிட்டால் தப்பிக்க, வயிற்றுப்பக்கம் குழிவாக அமைந்த உடலை மடக்கிக் கெட்டியான உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். கொடுக்கு உள்ளே நுழைய இடமிருக்காது. நம் பழங்கதை சொன்னவர்களின் கூட்டிலிருந்து ஒருமுறை இந்த மரகதப் பூச்சி வெளிவந்திருந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. ஒருவேளை அன்றே யாராவது கூட்டை உடைத்துப் பார்த்திருப்பார்கள்.

நாம் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. தனியாகக் கூடு கட்டும் குளவி, கூட்டைவிட்டு முதன்முறை கிளம்பும்போது நேராகப் பறந்துபோகாது. கூட்டைப் பார்த்தபடி திரும்பி, இடமும் வலமுமாக வளைந்து வளைந்து, மெல்ல மெல்லப் பின்வாங்கி உயரும். அது இடத்தை மனப்பாடம் செய்கிறது. நெதர்லாந்தின் ஹுல்ஷோர்ஸ்ட் மணல்வெளியில் நிக்கோ டின்பெர்கன் என்ற இளைஞர், தேனீயை வேட்டையாடும் குளவியின் வளையைச் சுற்றிப் பைன் மரக் கூம்புகளை வட்டமாக அடுக்கினார். குளவி அதற்குப் பழகியபின், அது வேட்டைக்குப் போன நேரத்தில் வட்டத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார். தேனீயோடு திரும்பிய குளவி, வளை கண்ணெதிரே இருந்தும் கூம்பு வட்டத்தின் நடுவே போய் இறங்கித் தடுமாறியது. வழி காட்டியது மணமல்ல, கண்ணால் கண்ட அடையாளம். 1932இல் வெளியான அந்த ஆய்வுக்கு அவருக்கு வேண்டியிருந்தது கையளவு பைன் கூம்புகள். 1973இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை மூவரில் ஒருவராகப் பெற்றார். ஆஸ்திரேலியாவின் கான்பராவில் யோகன் ஸைல் குழுவினர், இதே பின்வாங்கும் பறத்தலை அதிவேகக் கேமராக்களால் பிடித்து, அந்த நேரத்தில் குளவியின் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்பதைக் கணினியில் மறுபடி உருவாக்கி 2016இல் வெளியிட்டார்கள். உங்கள் வீட்டுக் குளவிக்குப் பக்கத்தில் ஒரு தொட்டிச்செடியை இரண்டு அடி நகர்த்தி வைத்துப் பாருங்கள். திரும்பி வரும்போது அது என்ன செய்கிறது என்று எழுதிவையுங்கள். பிறகு தொட்டியைப் பழைய இடத்துக்கே மாற்றிவிடுங்கள், அதற்கு வேலை நிறைய இருக்கிறது.

இவ்வளவு பக்கத்தில் போனால் கொட்டாதா என்ற பயம் நியாயமானது. இதில் தெளிவு வேண்டும். மண்கூடு கட்டும் குளவி தனிக்குடித்தனம். காவல் காக்கக் கூட்டம் இல்லாததால் அது கூட்டைக் காக்கப் போர் தொடுப்பதில்லை. கையால் பிடித்து அழுத்தினால்தான் கொட்டும். ஆண் குளவிகளுக்குக் கொடுக்கே கிடையாது. மரநாரை மென்று காகிதம் செய்து, அறுகோண அறைகளாகக் கூடு கட்டும் குளவிகள் கூட்டமாக வாழ்பவை. அவற்றைத் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். கதண்டு கூட்டின் பக்கமே போகக் கூடாது. கதண்டு கொட்டி உயிரிழந்தவர்கள் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் செய்தியில் வருகிறார்கள். வீட்டருகே கதண்டு கூடு இருந்தால் தீயணைப்புத் துறைக்குச் சொல்லிவிடுவதே சரி.

காகிதக்கூட்டுக் குளவிகளில் சாதுவான, சிறிய, நம் சன்னல் சட்டங்களில் சாதாரணமாகக் கட்டும் ஒன்று உண்டு. ரோபாலிடியா மார்ஜினேட்டா. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கதக்கர் தம் வாழ்நாள் ஆய்வையே இந்தக் குளவிக்குக் கொடுத்தார். ஒவ்வொரு குளவிக்கும் ஒரு துளி வண்ணம் வைத்து அடையாளமிட்டு, யார் எப்போது என்ன செய்கிறார்கள் என்று மணிக்கணக்கில் குறித்தார்கள் அவரும் அவருடைய மாணவர்களும். இதில் ராணிக்கும் வேலைக்காரிக்கும் உருவத்தில் வேறுபாடு கிடையாது. ராணி மிகவும் சாது, யாரையும் அதட்டுவதில்லை. அந்த ராணியைக் கூட்டிலிருந்து எடுத்துவிட்டால், சில நிமிடங்களில் வேலைக்காரிகளில் ஒருத்தி மட்டும் ஆவேசமாக மற்றவர்களைத் தாக்கத் தொடங்குகிறாள். ராணி திரும்பி வந்தால் அடங்கிவிடுகிறாள். வராவிட்டால் ஒரு வாரத்துக்குள் முட்டையிடத் தொடங்கி, அவளும் சாதுவான ராணியாகிவிடுகிறாள். பூச்சிச் சமூகங்களின் தோற்றத்தைப் பற்றி உலகம் முழுவதும் படிக்கப்படும் ஆய்வுகள் இவை. சொற்பச் செலவில் முதல்தர அறிவியல் செய்ய முடியும் என்பதை வலியுறுத்தி அவர் ஒரு நூலே எழுதியிருக்கிறார். நம் பள்ளிகளில் அது பாடமாக வேண்டும்.

தொடங்க விரும்புகிறவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குளவி கூடு கட்டத் தொடங்கியதைக் கண்டால், பக்கத்தில் சுவரிலேயே பென்சிலால் தேதியைக் குறியுங்கள். மண்ணோடு எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது, எந்தத் திசையிலிருந்து வருகிறது, கொண்டுவரும் சிலந்தி என்ன நிறம், எந்த நாளில் வாயடைத்தது, எந்த நாளில் துளை விழுந்தது, வெளியே வந்தது யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நம் ஊர் வெப்பத்தில் வாயடைத்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் துளை விழக்கூடும். கோடையிலும் மழையிலும் இது மாறுகிறதா என்பது நீங்களே கண்டுபிடிக்க வேண்டிய விஷயம். வெளிவந்ததைப் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் இனம் காண உதவுபவர்கள் இருக்கிறார்கள்.

உள்ளே நடப்பதையும் பார்க்க வழி உண்டு. ஒரு பக்கம் கணு அடைத்த, சுண்டுவிரல் நுழையாத அளவு மெல்லிய மூங்கில் துண்டுகளை எடுத்து நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, மறுபடி சேர்த்து ரப்பர் வளையம் போடுங்கள். பத்துப் பன்னிரண்டைக் கட்டாகக் கட்டி, மழை படாத சன்ஷேடின் அடியில் காலை வெயில் விழும்படி தொங்கவிடுங்கள். பூட்டுத் துளையிலும் பிளக் துளையிலும் மண்ணடைக்கும் குளவிகள் இதைத் தேடி வரும். இலைவெட்டித் தேனீகூட வரலாம். ரோஜா இலை ஓரங்களில் வட்ட வட்டமாக வெட்டு விழுந்திருந்தால் அது அக்கம்பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். வாயடைத்த மூங்கிலைக் கவனமாகத் திறந்தால் மண்தடுப்புகளுக்கு நடுவே வரிசையாக அறைகள், முட்டைகள், முடங்கிய புழுக்கள். பார்த்துவிட்டு மூடி, மறுபடி வளையத்தைப் போட்டுவிடலாம், வளர்ச்சி தொடரும். தாவ் ஹோங்ஜிங்கும் ஃபாப்ரும் கண்டதை ஒரு குழந்தை தன் கண்ணால் கண்டுவிட்டால், அதன் பிறகு அதற்கு எந்தக் கதையையும் சும்மா நம்பவைக்க முடியாது.

குளவி வர வேண்டுமானால் அதற்கு வேண்டியவை இருக்க வேண்டும். சிமெண்ட் போட்டு மூடிய வளாகங்களில் சேறு கிடைப்பதில்லை. மாடியில் ஒரு தட்டில் களிமண்ணைக் குழைத்து ஈரமாக வைத்தால் போதும். வளர்ந்த குளவி குடிப்பது தேன். துளசியைப் பூக்க விடுங்கள், கொத்தமல்லியில் நாலு செடியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். கொசுவுக்கும் கரப்பானுக்கும் மருந்தடிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று சொல்லி நம் பாட்டிமார் அந்தக் கூட்டைக் கலைக்க விட்டதில்லை. அந்த நம்பிக்கை போய்விட்டது, கூட்டைக் காத்த கையும் அதோடு போய்விட்டது. வருகிற பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது மண்கூட்டைக் கண்டால் சுரண்டுவதற்கு முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். எல்லா அறைகளிலும் வட்டமான துளைகள் இருந்தால் அது காலி வீடு. பெயர்த்தெடுத்து உடைத்து, உள்ளே கிடக்கும் சிலந்திக் கால்களையும் பழுப்பு நிறப் பட்டுறையையும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். துளை இல்லையென்றால் உள்ளே உயிர் இருக்கிறது. அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற சுவருக்கு அடியுங்கள்.